மடத்துக்குளம் பங்க்

எதுக்கு இந்த வண்டிய வாங்குனீங்கன்னா கேக்கற அம்முணி? வஞ்சந் தீக்கறக்கு. அப்படியே எழுதிக்க.

ஏன் முழிக்கற? உன்ற போன்ல அந்தப் பதிலுக்கு எடமில்லையா? என்னென்ன எடம் வெச்சிருக்கற, படி பாக்கலாம். சவுரியம். பழைய ஞாபகம். கவுரவம். மைலேஜு. அவ்வளவுதானா? உங்க காலேஜு வாத்தியாரு வயசானவங்ககிட்ட உக்காந்து பேசுனதே இல்லையாட்ட இருக்குது. வயசானவங்க ஏன் பழைய தினுசு மோட்டார் சைக்கிளையே தேடித் தேடி வாங்கறாங்கன்னு கேட்டுட்டு வாரக்கு உன்னைய அனுப்பிச்சுட்டு, பதிலையும் அவரே எழுதி அனுப்பியிருக்கறாரே. சரி உக்காரு. ஷோரூமுக்குப் பின்னால ஒர்க்‌ஷாப்புல இருந்து என்ற வண்டி வெளிய வாரக்கு இன்னும் நேரமாகும். அந்த மிசின்ல காப்பி வேண்டாம், வாயில வெக்க முடியாது.

சவுரியம் இருக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். என்ற உசரத்துக்கு ரெண்டு காலும் தரையில முழுசா ஊனுது. முதுகு நேரா நிக்குது. இந்தப் பசங்க ஓட்டற வண்டில குப்புறப் படுத்துக்கிட்டுப் போகோணும், என்ற இடுப்பு என்னத்துக்காகறது? இதுல ஹேண்டில் நம்ம கையத் தேடி வருது, நாம அதத் தேடிப் போக வேண்டியதில்லை. பட்டன அமுக்குனா ஸ்டார்ட்டாகுது, முட்டிக்கு வேலையில்லை. மெதுவாப் போனாலும் திணறாது. பின்னால வாரவன் சத்தத்தக் கேட்டு அவனாவே ஒதுங்கிக்கறான், ஆரன் அடிக்கறதில்லை. இதே நா மொபெட்டுல மெதுவாப் போனப்ப, 'ஏம்மா, ஊட்ல சொல்லீட்டு வந்துட்டியா'ன்னு கத்தீட்டுப் போவானுக. இதெல்லாம் எழுதிக்க. ஆனா இதெல்லாம் வாங்குனதுக்கப்பறம் கண்டுபுடிச்சது. வாங்குனது என்னமோ வஞ்சத்துக்குத்தான்.

நா மட்டும்னு நெனைக்காத. அக்கட்ட வெள்ள வேட்டி கட்டிட்டு உக்காந்திருக்கறாரே, அவர்ற மருமகன் காரு வாங்கி, 'மாமா, இனி நீங்க வண்டி ஓட்ட வேண்டாம், எங்க போறதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க'ன்னு சொன்னானாம். மறு வாரமே வந்து புக் பண்ணிப்போட்டார். இக்கட்ட தொப்பிக்காரர் பேங்க்ல மேனேஜரா இருந்தவரு. சக்கரை வியாதி. தெனமும் நடங்கன்னு பையன் பூட்சு வாங்கிக் குடுத்தான். பூட்ச மாட்டிக்கிட்டு நேரா இங்கதான் நடந்து வந்தார். சர்வீசுக்கு வந்து உக்காந்தா பேச்சுக்கா பஞ்சம், எல்லாம் அவிய வாயால சொன்னதுதான். உன்னையாட்ட ஆளு வந்து கேட்டா, 'அந்தக் காலத்துச் சத்தம்மா, அந்தக் காலத்து ஷேப்பும்மா'ம்பாங்க. பொய்யி. ஒவ்வொருத்தருக்கும் யாருக்கோ ஒரு பதில் சொல்ல வேண்டி இருக்குது. அது ஊருக்கே கேக்கோணும்.

நா பதில் சொல்ல வேண்டியது எங்கூட்டுக்காரருக்கு.

பேரு மயிலாத்தாள்னு போட்டுக்க. ஊரு உடுமலைப்பேட்டை. கிராம நர்சா இருந்து ரிட்டையர் ஆனேன். சர்வீசு பூராவும் மொபெட்டுதான். தடுப்பூசிப் பொட்டிய முன்னால வெச்சுக்கிட்டு தோட்டந் தோட்டமாச் சுத்துவேன். அவர் பேரு திருமூர்த்தி. கரண்டாபீசுல போர்மேன். எனக்கு முந்தியே அவருகிட்ட ஒரு பழைய புல்லட்டு இருந்துச்சு. நா அந்த ஊட்டுக்கு ரெண்டாவதா வந்தவன்னு வெச்சுக்கயேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதுசு. எங்கப்பனுக்கு நெஞ்சு வலி, பழனி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சேத்தியிருக்குது, உடனே வாங்கன்னு தாக்கல் வந்துச்சு. கட்டுன சேலையோட கெளம்புனோம். வழில மடத்துக்குளத்துல பெட்ரோல் போடறக்கு நிறுத்துனார். பங்க்ல வண்டி நின்னா பின்னால உக்காந்திருக்கறவ எறங்கிக்கோணும். எறங்கி, முன்னால நடந்து போயி, காத்துப் புடிக்கற எடத்துக்கிட்ட நிக்கோணும். ஓட்டறவர் பெட்ரோலப் போட்டுப்போட்டு வந்து நிறுத்துவார், ஏறிக்கோணும். இன்னைக்கும் எந்தப் பங்க்ல வேணா போயிப் பாரு, அந்த எடத்துல சேலையப் புடிச்சிட்டு ஒருத்தி நின்னுக்கிட்டிருப்பா. அப்படித்தான் நானும் நின்னேன். இவர் பெட்ரோலப் போட்டார். உதைச்சார். வந்தார். என்னையத் தாண்டிப் போயிட்டார்.

வெளையாட்டில்ல கண்ணு. போயே போயிட்டார்.

இப்பத் திரும்புவார், இப்பத் திரும்புவார்னு பாத்தேன். திரும்பல. என்ற மணிபர்சு வண்டிப் பொட்டிக்குள்ள. பஸ்ஸேறக் கைல காசில்ல. வெய்யல்ன்னா அப்படியொரு வெய்யலு. பெட்ரோல் போட வந்தவனெல்லாம் ஏற எறங்கப் பாக்கறான். ஒருத்தன், 'என்னம்மா, ஊட்டுக்காரன் உட்டுப்போட்டுப் போயிட்டானா'ன்னு கேட்டுட்டுச் சிரிக்கறான். அழுகாச்சி வருது. அழுதா இன்னுங் கேவலமாப் போயிரும்னு பல்லக் கடிச்சிட்டு நின்னேன். அங்க எங்கப்பன் என்ன கதில இருக்கறாரோன்னு நெஞ்சு அடிச்சுக்குது.

இவர் பழனி ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போயி வண்டிய நிறுத்தி, 'எறங்கு மயிலா'ன்னாராம். அப்பத்தான் பின்னால ஆளில்லைன்னு தெரிஞ்சுதாம். வழி நெடுக என்கிட்டப் பேசிக்கிட்டே போயிருக்கார் அம்முணி! 'உங்கப்பனுக்கு ஒண்ணும் ஆகாது, முதல்ல அந்தப் பீடிய உடச் சொல்லோணும்'னு பேசிக்கிட்டே போயிருக்கார். பதில் வரலைங்கறதே அவருக்குத் தெரியல. நா என்னைக்கு எதுத்துப் பேசியிருக்கறேன், வித்தியாசம் தெரியறக்கு?

திரும்பி வந்து என்னையக் கூட்டிக்கிட்டுப் போனார். போயிச் சேர்றப்ப எங்கப்பன் மொகத்த மூடீட்டாங்க. அப்பத்தான் மூடியிருக்கறாங்க. 'மயிலா வந்துட்டாளா, மயிலா வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருன்னு எங்கம்மா சொன்னா. ஒடம்புல சூடு கூட ஆறல.

அதக் கூட நா உட்டிருப்பேன். சத்தியமாச் சொல்றேன், உட்டிருப்பேன். மனுசன் பதட்டத்துல மறந்துட்டார்னு மனசத் தேத்தியிருப்பேன். ஆனா அதுக்கப்பறம் நடந்ததக் கேளு.

கொஞ்ச நாள் போச்சு. ஒறம்பரைச் சொந்தத்து ஊட்ல ஒரு காதுகுத்துச் சீரு. சாப்பிட்டு எந்திரிச்சு ஆம்பளைங்க வெத்தலை போடற நேரம். யாரோ வண்டியப் பத்திப் பேச்செடுக்க, இவர் ஆரம்பிச்சார். 'என்ற பொண்டாட்டிய மடத்துக்குளம் பங்க்லயே உட்டுப்போட்டு பழனி வரைக்கும் போயிட்டனப்பா! வண்டி லேசா இருந்துச்சு. பெட்ரோல் போட்ட குசியாக்கும்னு நெனச்சுட்டேன்!' சனம் உருண்டு உருண்டு சிரிக்குது. நா தட்டத்துல வெத்தலையும் பாக்கும் வெச்சுக்கிட்டு அங்கியே நிக்கறேன். என்ற மொகத்தப் பாத்துப் பாத்துச் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

அன்னையிலிருந்து அது ஊர்க்கதை. எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்துன்னாலும், 'மாமா, அந்தப் பங்க் கதையச் சொல்லுங்க'ன்னு ஒருத்தன் கெளப்புவான். இவரும் தொண்டையக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிச்சிருவார். வருசமாக ஆகக் கதையும் வளந்துக்கிட்டே போச்சு. வழில ஒரு போலீசுக்காரர் வந்தார். பங்க்காரன் என்னைய வேலைக்குச் சேந்துக்கறியான்னு கேட்டான்னு ஒரு வரி வந்துச்சு. வராத ஒரே ஆளு எங்கப்பன்தான். பழனிக்கு எதுக்குப் போனோம்? 'சாமி கும்பிடப் போனோம்'பார். செத்துப்போன மனுசனக் கதையில இருந்தும் எடுத்துப்போட்டார் அம்முணி. அவர் சாகக் கெடந்தாருன்னு சொன்னா யாரு சிரிப்பா?

ஒருக்கா, ஒரே ஒருக்கா, அந்தச் சனத்துக்கு முன்னால இல்லாட்டியும் போகுது, என்கிட்டத் தனியா, 'உங்கப்பன் மொகத்த நீ உசுரோட பாக்க முடியாமப் போனது என்னாலதான் மயிலா'ன்னு சொல்லட்டும்னு பாத்தேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். காத்துக்கிட்டே இருந்தேன். புள்ளைங்க பொறந்து, வளந்து, கட்டிக் குடுத்தாச்சு. அந்த ஒரு வார்த்தை வரல.

இப்ப வண்டிக் கதைக்கு வாரேன்.

அவர் ரிட்டையர் ஆனதுக்கப்பறம் பழைய வண்டிய உதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியல. ஒரு நா கிக்கர் திருப்பி அடிச்சு முட்டி வீங்கிப் போச்சு. உதைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டார். பழச அண்ணன் பையனுக்குக் குடுத்துட்டு, ரோட்டுல புது வண்டி போனா ஏக்கமாப் பாப்பார். பழைய வண்டியாட்டவே இருக்கும், பட்டனத் தட்டுனா ஓடும், அப்படித்தான இப்ப வருது. எனக்கும் ரிட்டையர்மெண்ட்டு வந்துச்சு. சரி, வாங்கித் தாரேன்னு இதே ஷோரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். அப்ப எனக்கு மனசுல ஒண்ணுமே இல்ல, நம்பு.

ஓட்டிப் பாருங்க சார்னு சேல்ஸ்காரத் தம்பி சாவியக் குடுத்துச்சு. இவர் காலத் தூக்கிப் போட்டு உக்காந்தாரு பாரு, ராசா தோத்தார். கெளம்பி ரோட்டுல ஒரு சுத்துப் போயிட்டு கேட்டுக்குள்ள வந்தார். இங்க ஒண்ணு உனக்குச் சொல்லோணும். அவர்ற பழைய வண்டில கியர் வலக்கால்ல, பிரேக் இடக்கால்ல. இப்ப வாரதுல அப்படியே மாத்தி, கியர் இடக்கால், பிரேக் வலக்கால். அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? நிறுத்தறக்கு இடக்கால அமுக்குனார். அது கியரு. வண்டி நிக்கறக்குப் பதிலா ஒரு உறுமு உறுமி வெடுக்குனு குலுங்குச்சு. பிரேக் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு இவர் இன்னும் பலமா அமுக்கறார். நேராப் போயி பூந்தொட்டி வரிசைல ஏறி, தொட்டி, வண்டி, இவர் எல்லாம் ஒட்டுக்காச் சாஞ்சாச்சு.

பெருசா அடியில்ல. முழங்கையில சிராய்ப்பு. ஆனா ஷோரூமே வந்து நின்னு பாத்துச்சு. அந்தத் தம்பி வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பி நின்னுக்குச்சு. அப்ப எனக்குள்ள என்னமோ ஒண்ணு குளுந்துச்சு அம்முணி. இத்தனை வருசத்துல நா அப்படிக் குளுந்ததே இல்லை.

அதுக்கப்பறம் கிரவுண்டுலயும் கொண்டு போயி ஓட்டிப் பாத்தார். ஒவ்வொரு தடவையும் அவசரத்துக்கு இடக்கால்தான் பிரேக்குத் தேடுது. 'தல சொல்றதக் காலு கேக்க மாட்டீங்குது மயிலா'ன்னார். புதுசாக் கத்துக்கறவன் இந்தத் தப்பப் பண்ண மாட்டான். காலமெல்லாம் ஓட்டுனவருதான் பண்ணுவார். எனக்கு அந்தத் தொந்தரவே இல்லை. மொபெட்டுல காலு என்ன பண்ணுச்சு? சும்மா இருந்துச்சு. சும்மா இருந்த காலுக்கு எதச் சொல்லிக் குடுத்தாலும் ஏறும். டிரைவிங் ஸ்கூல்காரரப் புடிச்சு கியர் கத்துக்கிட்டேன். லைசென்சு எடுத்தேன். வண்டிய என்ற பேர்ல வாங்கி, வாசல்ல கொண்டு வந்து நிறுத்தி, 'ஏறுங்க பின்னால'ன்னேன்.

அவர் அந்தப் பின்சீட்டப் பாத்த பார்வை இருக்குதே, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு.

உடுமலைல ஒரு தெரு பாக்கியில்லாம அவரப் பின்னால வெச்சுக்கிட்டுப் போனேன். சந்தைக்குப் பக்கத்து வழி இருக்குது. நா பஸ் ஸ்டாண்டச் சுத்தித்தான் போவேன். அங்கதான் அவர்ற கரண்டாபீசுக் கூட்டாளிக டீக்கடைல உக்காந்திருப்பாங்க. 'என்னங்ண்ணா, டிரைவர் வெச்சிட்டீங்ளாட்ட இருக்குது!'ன்னு ஒருத்தர் கத்துவார். நா அங்க போறப்ப மட்டும் ஆக்சிலேட்டர ஒருக்கா முறுக்குவேன். எல்லாரும் திரும்பிப் பாக்கோணுமல்ல? இப்பப் புரியுதா, எதுக்குச் சத்தம் வார வண்டின்னு? ஸ்கூட்டர்ல போயிருந்தா பொண்டாட்டி கடைக்குக் கூட்டிட்டுப் போறான்னு உட்டிருப்பாங்க.

அவர் அதுக்கெல்லாம் கோவிச்சுக்கல. காலையில எனக்கு முந்தி எந்திரிச்சு, துணிய நனைச்சு, டேங்க்கு, விளக்கு, கம்பி எல்லாந் தொடைச்சு வெப்பார். கிளீனர் வேலைக்கு எறங்கிட்டார்னு நா உள்ள இருந்து பாத்துச் சிரிப்பேன். பின்னால உக்காந்துக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டே வருவார். பாலம் வருது, பள்ளம் இருக்குதுன்னு சொல்லுவாராட்ட இருக்குது. ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு ஒண்ணுங் கேக்காது. கேட்டாலும் நா பதில் சொல்றதில்லை.

ஆனா பாரு, அப்படியும் ஆறல. ஒரு கல்யாணத்துல, நாங்க வண்டில வந்து எறங்கறதப் பாத்துட்டே, 'மாமா, இப்ப அந்தப் பங்க் கதையச் சொல்லுங்க'ன்னாங்க. இவர் சொன்னார்! பின்சீட்டுல உக்காந்து வந்துட்டும் சொன்னார். அன்னைக்கு முடிவு பண்ணீட்டேன்.

என்ற தம்பி செல்வராசு பழனில இருக்கறான். அவன் பையனுக்குப் பொண்ணு பாத்து, உப்பு சக்கரை மாத்தி உறுதி பண்ற நாளு வந்துச்சு. கெளம்புனோம். அரக்குச் சேலை கட்டியிருந்தேன். டேங்க்குல பெட்ரோல் இருந்துச்சு, இருந்தும் மடத்துக்குளத்துல நிறுத்துனேன். அதே பங்க். இப்ப மேல கூரை எல்லாம் போட்டு ஆளே மாறிப் போயிருக்குது. 'எறங்கிக்குங்க'ன்னேன். அவர்ற செல்போன என்கிட்டக் குடுத்திருந்தார், பையில வெச்சிருந்தேன். மணிபர்சு மட்டும் அவர் சட்டையில, அது என்ற கைல இல்லாத சமாச்சாரம். எறங்குனார். முன்னால நடந்து போயி, காத்துப் புடிக்கற எடத்துக்கிட்ட நின்னார். நின்னு, நா வாரதப் பாத்துக்கிட்டு, ஏறறக்கு வேட்டிய மடிச்சுப் புடிச்சார்.

தாண்டிப் போயிட்டேன்.

கண்ணாடில பாத்தேன். வேட்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறார். எனக்கு வந்த சிரிப்புக்கு அளவேயில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு புளியமரத்தடில எளநீர் விக்கறான். வண்டிய மரத்துக்குப் பின்னால நிறுத்திட்டு, வெட்டுப்பான்னு உக்காந்தேன். நிக்கட்டும். வெய்யல்ல நிக்கட்டும். எவனாச்சும் வந்து, 'என்னங்க, ஊட்டுக்காரி உட்டுப்போட்டுப் போயிட்டாளா'ன்னு கேக்கட்டும்.

எளநீர் பாதி குடிச்சிருப்பேன், பழனி பஸ்ஸு போகுது. படிக்கட்டுல தொங்கிக்கிட்டு யாரு? நம்மாளு! ஒரு கையில கம்பி, கழுத்த வெளிய நீட்டி, ரோட்டோரப் பள்ளத்தையே பாத்துக்கிட்டுப் போறார். கண்டக்டர் உள்ள வாங்கன்னு சட்டையப் புடிச்சு இழுக்கறான், இவர் வர மாட்டீங்கறார். எனக்கு எளநீர் மூக்குல ஏறிப்போச்சு. இந்த எடம் வந்தா எல்லாரும் வயித்தப் புடிச்சுக்குவாங்க.

அதோட நா கதைய நிறுத்திக்குவேன். நீ அப்பறம்னு கேக்கறதால சொல்றேன்.

நா மெதுவா வண்டிய ஓட்டிக்கிட்டுத் தம்பி ஊட்டுக்குப் போனேன். அங்க வந்திருப்பார்னு பாத்தா, வரல. பொண்ணூட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சு. 'மாமன் எங்கக்கா'ன்னு தம்பி கேக்கறான். பஸ்ல வாரார்னு சொல்லீட்டு உள்ள போயிட்டேன். கொஞ்ச நேரங் கழிச்சு அவனுக்கு ஒரு போன். ஆஸ்பத்திரில வேலை பாக்கறவர் ஒருத்தர், தம்பிக்குப் பழக்கம். 'உங்க மச்சான் இங்க வந்து நிக்கறாருங்க. அரக்குச் சேலை, மோட்டார் சைக்கிள், வயசான பொம்பள, அடிபட்டு யாராச்சும் வந்தாங்களான்னு ஒவ்வொரு கட்டிலாப் பாத்துக்கிட்டிருக்கறாரு'ன்னு.

நா வேணும்னே உட்டுப்போட்டு வந்தது அந்த மனுசனுக்குத் தோணவே இல்லை பாரு. மறந்து வந்தா திரும்பி வந்திருப்பா, வரல, அப்ப எங்கியோ உழுந்துட்டான்னு அவருக்குக் கணக்கு. என்ன கிறுக்குக் கணக்கு! நானே போயிக் கூட்டிட்டு வாரேன்னு தம்பிகிட்டச் சொல்லீட்டு வண்டிய எடுத்தேன்.

எங்கப்பன் செத்த அதே ஆஸ்பத்திரிதான். நா உள்ள போனப்ப இவர் எனக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறார். ஓரமா ஒரு ஸ்ட்ரெச்சரு. தல முதல் கால் வரைக்கும் மூடியிருக்குது. ரோட்டுல அடிபட்டு வந்த பொம்பளயாம், இன்னும் யாருன்னு தெரியலையாம். துணிய எடுத்துக் காட்டுங்கன்னு வார்டுக்காரங்கிட்டக் கேக்கறார்.

நா கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. வாசப்படியிலயே நின்னேன். பாக்கட்டும்னு நின்னேன். மூடுன மொகத்துக்கு முன்னால நிக்கறது எப்படி இருக்கும்னு அவருக்குந் தெரியட்டும். வார்டுக்காரன் துணியத் தூக்குனான். வேற யாரோ. பாவம், யார் பெத்த புள்ளையோ. இவர் அப்படியே தரையில உக்காந்துட்டார்.

அப்பறந்தான் திரும்பி என்னையப் பாத்தார். எந்திரிக்க முடியல, கையூனி எந்திரிச்சு வந்து என்ற தலையத் தொட்டுப் பாக்கறார், கையத் தொட்டுப் பாக்கறார். 'அடி பட்டுதா, எங்க பட்டுது'ங்கறார். நா எத்தனை வருசமா வாயிக்குள்ள வெச்சிருந்தேனோ, அதச் சொன்னேன். 'வண்டி லேசா இருந்துச்சுங்க. பெட்ரோல் போட்ட குசியாக்கும்னு நெனச்சுட்டேன்'னேன்.

அவர் மொகம் போன போக்கு இருக்குதே. ரத்தமே இல்லை. அப்பறம் மெதுவா, 'மயிலா, அன்னைக்கு இங்கதான உங்கப்பன...'ன்னு ஆரம்பிச்சார்.

நா உடுவனா? ஆட்டம் என்ற கையில இருக்குது. சுத்தி ஆளுக வேற பாக்கறாங்க. 'அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், நேரமாச்சு, ஏறுங்க'ன்னேன். 'நீ போ, நா நடந்து வந்தர்றேன்'னார். நடந்துதான் வந்தார்.

அவர் வந்து சேர்றக்குள்ள நா சபைக்குக் கதையச் சொல்லி முடிச்சிட்டேன். பங்க்ல நிறுத்துனது, வேட்டியப் புடிச்சுட்டு நின்னது, எளநீர், பஸ்ஸுப் படிக்கட்டு. பொண்ணூட்டுச் சனமெல்லாம் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுது. அவர் உள்ள வந்ததும் இன்னொருக்காச் சிரிப்பு. கை கழுவப் போறாப்பல பின்னால போயிட்டார். அதுக்கப்பறம் எங்க விசேசம்னாலும் என்ற கதைதான். நல்லாச் சொல்றீங்கக்காங்கறாங்க. கண்டக்டர் பேசற பேச்சுன்னு ரெண்டு வரி நானாச் சேத்தியிருக்கறேன். அவர்கிட்ட யாரும் இப்பக் கதை கேக்கறதில்லை. கேட்டாலும், 'கெடக்குதுங் உடுங்க'ங்கறார். செயிச்சாச்சு. போட்டுக்க உன்ற போன்ல, செயிச்சாச்சுன்னு.

என்ன, சார் இப்ப எப்படி இருக்கறாருங்கறயா? நல்லாத்தான் இருக்கறார். என்ற வண்டில மட்டும் ஏற மாட்டீங்கறார். ஒரே விசேசத்துக்கு நா வண்டில போறேன், அவர் பஸ்ல வாரார். காலைல தொடைக்கறதும் நின்னு போச்சு, வண்டில தூசி ஏறிக் கெடக்குது. ஊட்ல பேசறக்கு, சோறு, தண்ணி, மாத்திரை, அவ்வளவுதான். பயந்துட்டார்னு நெனைக்கறேன்.

போன வாரம் நானாவே கேட்டேன். பேப்பர் படிச்சிட்டிருந்தார். 'அன்னைக்கு ஆஸ்பத்திரில எங்கப்பனப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே, என்ன?'ன்னேன். சாதாரணமாத்தான் கேட்டேன். கேட்டுப்போட்டு, மடிச்ச துணியவே மறுக்கா மடிச்சுக்கிட்டிருந்தேன். பேப்பர எறக்காமயே, 'ஒண்ணுமில்லையே'ன்னார். 'இல்ல, அன்னைக்கு இங்கதானன்னு ஆரம்பிச்சீங்க'ன்னேன். 'ஞாபகமில்ல மயிலா'ன்னார். அவ்வளவுதான். பக்கத்தத் திருப்பிக்கிட்டார்.

எப்படிப்பட்ட மனுசன்னு பாத்தியா? வாய் வரைக்கும் வந்தத முழுங்கிப்போட்டார். அந்த ஒரு வார்த்தைய எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு கங்கணங் கட்டியிருக்கறார். அப்ப இன்னும் தீரல அம்முணி, நா செயிச்சாச்சுன்னு சொன்னத அழிச்சுரு. அதனாலதான் இன்னைக்கு வந்திருக்கறேன். சர்வீசு ஒண்ணும் இல்லை, போன மாசந்தான் பண்ணுனேன். பின்சீட்டக் கழட்டறக்கு வந்தேன். ஒத்தச் சீட்டு வண்டியாக்கிரலாம்னு இந்த மெக்கானிக்குத் தம்பிதான் சொல்லுச்சு.

கழட்டியாச்சா தம்பி? அதக் குப்பைல போட்டுறாத, இங்க குடு. என்ன அம்முணி, இத வெச்சு என்ன பண்ணுவீங்கன்னு பாக்கறயா? ஊட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போயி, அவர் பேப்பர் படிக்கற நாற்காலிக்கு நேரா செவுத்துல ஆணியடிச்சு மாட்டப் போறேன். தெனமும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கட்டும். என்னைக்காச்சும் ஒரு நாளு வாயத் தொறந்து சொல்லித்தான ஆகோணும்.